கணுக்கால் மூட்டு அகநோக்கி அறுவை

கணுக்கால் மூட்டு அகநோக்கி அறுவை என்பது கணுக்காலில் சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே நுண்ணிய ஒளிப்படக்கருவியையும் மெல்லிய கருவிகளையும் செலுத்தி, மூட்டின் உட்புறத்தைப் பார்த்துச் சீர்செய்யும் முறை ஆகும். தசைநார்க் கிழிவு, குருத்தெலும்புச் சேதம், மூட்டு விலகலுக்குப்பின் எஞ்சும் பாதிப்புகள் ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. எனினும், பெரும்பாலான கணுக்கால் சுளுக்குகள் அறுவையின்றியே குணமாகின்றன.

மூட்டின் அமைப்பு

கணைக்காலின் உள்ளெலும்பு, வெளியெலும்பு ஆகியவற்றின் கீழ்முனைகள் சேர்ந்து ஒரு கவை போல அமைந்துள்ளன. அக்கவையினுள் தாலசு எனப்படும் பாத எலும்பு பொருந்தியுள்ளது. எலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நார்க்கட்டுகள் தசைநார்கள் எனப்படும். பேச்சு வழக்கில் இவை சவ்வு என்றும் கூறப்படும். மூட்டின் வெளிப்புறம் மூன்று தசைநார்களும், உட்புறம் விசிறி வடிவில் வலிமையான தசைநார்த் தொகுதியும் உள்ளன. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது வெளிப்புறத் தசைநார்கள் இழுபடுகின்றன. அவற்றுள் முன்புறத் தசைநாரே மிகுதியாகக் கிழிகிறது.

வரலாறு

1918ஆம் ஆண்டில் தோக்கியோவில் கெஞ்சி தக்காகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் அகநோக்கியைக் கொண்டு இறந்த உடலின் முழங்கால் மூட்டை ஆராய்ந்தார். 1931இல் நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பர்மன், கணுக்கால் மூட்டு மிகவும் குறுகியது என்பதால் இம்முறைக்கு ஏற்றதன்று எனக் கருதினார். தக்காகியின் மாணவர் மசாக்கி வட்டனாபே, 1972இல் 28 கணுக்கால் அகநோக்கிச் சோதனைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். மெல்லிய அகநோக்கிகளும், பாதத்தைப் பட்டையால் இழுத்து மூட்டு இடைவெளியை அகலப்படுத்தும் உத்தியும் இம்முறை பரவ வழிவகுத்தன.

மூட்டு விலகல்

கணுக்கால் விலகல் பெரும்பாலும் எலும்பு முறிவுடன் சேர்ந்தே நிகழ்கிறது. இது அவசர நிலையாகும். விலகிய எலும்பு தோலையும் குருதிக்குழாய்களையும் அழுத்துவதால், காலம் தாழ்த்தினால் தோல் அழுகவும் பாதத்தின் குருதியோட்டம் தடைப்படவும் கூடும். எனவே மருத்துவர் பாதத்தின் நாடித்துடிப்பையும் உணர்வையும் சோதித்து, மூட்டை விரைவில் உரிய இடத்தில் பொருத்துவார். பயிற்சி இல்லாதவர்கள் காலை இழுத்துத் திருப்புவது தீங்கு விளைவிக்கும். முறிவுகளைச் சரிசெய்யும்போது, குருத்தெலும்புச் சேதத்தைக் கண்டறியவும் எலும்புத் துணுக்குகளை அகற்றவும் அகநோக்கி உதவுகிறது.

அறுவை தேவைப்படும் நிலைகள்

1992இல் வெளியான ஒட்டாவா கணுக்கால் விதிகளின்படி, கணு எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தும்போது வலி இருந்தாலும், நான்கு அடி நடக்க இயலாவிட்டாலும் எக்சு-கதிர்ப் படம் எடுக்கவேண்டும். முறிவு இல்லாத சுளுக்குக்கு ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவற்றைத் தொடர்ந்து விரைவான இயக்கப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் அளிக்கப்படும். சில மாதப் பயிற்சிக்குப் பின்னரும் கணுக்கால் அடிக்கடி மடங்கினாலோ, மூட்டினுள் வலி நீடித்தாலோ அறுவை பற்றி ஆராயப்படும்.

செய்முறை

மயக்க மருந்து கொடுத்தபின், மூட்டினுள் உப்புக்கரைசல் செலுத்தப்படும். முன்புறத்தில் உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக, ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் அளவில் இரு துளைகள் இடப்படும். பெரும்பாலும் 2.7 அல்லது 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள அகநோக்கி பயன்படுகிறது. கிழிந்த தசைநாரைச் சீர்செய்ய, வெளியெலும்பில் சிறு பிடிப்பான் பொருத்தப்பட்டு, அதிலுள்ள நூலால் தசைநார் எலும்புடன் சேர்த்து இறுக்கப்படும். இது சுவீடனைச் சேர்ந்த புரோசுட்ரோம் 1966இல் விவரித்த திறந்த அறுவை முறையின் வழிவந்ததாகும்.

சிக்கல்கள்

வெளிப்பக்கத் துளைக்கு அருகில் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் உணர்வு நரம்பு காயமுறுவதே முதன்மையான சிக்கல் ஆகும். இதனால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகலாம். இதைத் தவிர்க்கத் தோலை மட்டும் கீறி, உள்திசுவை மழுங்கிய கருவியால் விலக்குவர். நோய்த்தொற்று, குருதி உறைவு, மூட்டு விறைப்பு ஆகியவையும் ஏற்படலாம். துளையிடும் இடத்தில் தொற்று உள்ளபோது அறுவை தவிர்க்கப்படும்.

அறுவைக்குப் பின்

தழும்பு சிறிதாக இருப்பதால் தசைநார் விரைவில் ஆறிவிடும் என்பதில்லை. சீர்செய்த தசைநார் வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை காப்புக் காலணியும், பின்னர் படிப்படியான இயன்முறைப் பயிற்சியும் தேவை. விளையாட்டு வீரர்கள் களத்திற்குத் திரும்பப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகின்றன.