கீவளூர் திசைகாட்டி

கீழ்வேளூரை அந்தப் பக்கத்து மனிதர்கள் கீவளூர் என்றுதான் சொல்வார்கள். அங்கே என் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு கறுப்பு யந்திரம் இருக்கிறது. டிகிரிக் கோடுகள் போட்ட வட்டத் தட்டு, அதன் மேல் சாய்வாக இன்னொரு தட்டு, நாலைந்து திருகுகள்.

"ஜப்பான் விமானத்தில் இருந்தது, ஓய்! மூர் மார்க்கெட்டில் அப்பா வாங்கினார்" என்பார், வருகிறவர்களிடமெல்லாம்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் 5-ந் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும், 9-ந் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஊர் ஊராக ஓடி வந்தார்கள். அவர் தகப்பனாரும் அப்படி ஓடி வந்தவர். தம்மை விரட்டியவனின் யந்திரத்தைப் பிற்பாடு விலைக்கு வாங்கிப் பெட்டியில் வைத்ததில் அவருக்கு ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் அதன் தகட்டில் ஓடு மாதிரி இறுகியிருந்தன. ஒருநாள் ஈரத்துணியால் துடைத்தேன். ஆங்கில எழுத்துக்கள் வெளிவந்தன: 'அஸ்ட்ரோ காம்பஸ் மார்க் 2', '6ஏ/1174'.

"ஜப்பான்காரன் இங்கிலீஷிலா எழுதுவான்?"

"ஏற்றுமதிச் சரக்காக இருக்கும்" என்றார் சிநேகிதர்.

யுத்த காலத்து விமானக் கருவிகளில் ஏமாற்றுவது இந்த எண்தான். 6ஏ என்பது பிரிட்டிஷ் விமானப் படைச் சரக்குப் பட்டியலில் விமானக் கருவிகளின் பிரிவு. 1174 இந்தச் சாமானின் எண். இரண்டும் சேர்ந்து, இது இன்ன பொருள் என்று சொல்லும். செய்தது யார் என்று சொல்லாது. சில கருவிகளில் கிரீடமும் 'ஏ.எம்.' எழுத்துக்களும் இருக்கும். அவை விமான அமைச்சகத்தைக் குறிப்பவை. பாத்திரத்தில் வெட்டிய பெயர் வீட்டுக்காரருடையதே தவிர, கன்னாருடையது அல்லவே!

ஜெர்மானியர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். தொழிற்சாலையின் பெயரையே மறைத்து மூன்று எழுத்துக்களைப் பொறித்தார்கள். 'பி.எல்.சி.' என்றால் ஜேனா நகரத்து கார்ல் ஸைஸ். பெயர் தெரிந்தால் குண்டு தேடி வருமே!

முன்காலத்தில் இப்படி இல்லை. 1808-ல் லாம்ப்டன் என்ற நில அளவைக்காரர் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றிய ராட்சதத் தியோடலைட், கயிறு அறுந்து மோதிச் சேதமாயிற்று. லண்டன் கேரி செய்த கருவி அது என்று இன்றைக்கும் சரித்திரத்தில் இருக்கிறது. அந்த விமானத்தில் அடிபட்ட கருவிக்குப் பெயர் இருக்கிறது. இந்த விமானத்தில் பறந்ததற்குக் கிடையாது!

இன்னும் கொஞ்சம் துடைத்தேன். அடியில் 'ஸ்பெர்ட்டி, சின்சினாட்டி' என்றிருந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து ஊர். பிரிட்டிஷ் எண்ணோடு அமெரிக்காவில் செய்து கொடுத்த சரக்கு. வேடிக்கை என்னவென்றால், ஸ்பெர்ட்டி வெயில் விளக்கு செய்தவர். வீட்டுக்குள்ளேயே வெயில் காய்வதற்கு!

காந்த ஊசி பக்கத்திலுள்ள இரும்பினால் தடுமாறும். துருவத்தை நெருங்கினால் உதவாது. இந்தக் கருவிக்கு ஊசியே இல்லை. நம் அட்சரேகை, சூரியனின் கிராந்தி, அந்த வேளைக்குரிய கோணம் மூன்றையும் திருகி வைத்து, நிழல் சரியாக விழும்வரை திருப்பினால் விமானத்தின் திசை தெரியும். விமானத்தில் ஏறிய சூரிய கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீவளூருக்கு அட்சரேகை ஏறக்குறையப் பத்தே முக்கால். காலை வெயிலில் திண்ணையில் வைத்துக் காட்டினேன். நிழல் கோடுகளுக்கு நடுவே விழுந்தது.

சிநேகிதர் நிழலைப் பார்க்கவில்லை.

"அப்பா பொய் சொல்ல மாட்டார்" என்றார்.

"அவரிடம் யாரோ சொல்லியிருப்பார்கள்."

"கடைக்காரன்தான். ஜப்பான் என்றால் நாலு ரூபாய் கூடக் கிடைத்திருக்கும்."

அடுத்த ஆயுத பூஜைக்கும் போயிருந்தேன். பொட்டு இருந்தது, எழுத்துக்களின் மேல் அல்ல, தகட்டுக்குப் பக்கத்தில். வந்திருந்த மாப்பிள்ளையிடம் சிநேகிதர், "சின்சினாட்டி, மாப்பிள்ளை! ஜப்பான் என்று சொல்லித்தான் அப்பா தலையில் கட்டினான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.