குடிநீரில் அலுமினியம்: அளவைக் கேட்பது எமது உரிமை

குடிநீரில் அலுமினியம் என்று கேட்டதும் எம்மவரிடம் அச்சம் எழுகிறது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவு எண்ணெய் கலந்ததை அனுபவித்த மக்களுக்கு அது இயல்பானதே. ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்பதை நாம் பிரித்தறிய வேண்டும் என நான் கருதுகிறேன்.

குளத்து நீரிலும் ஆற்று நீரிலும் உள்ள கலங்கலைத் திரட்டிப் படியச் செய்ய, சுத்திகரிப்பு நிலையங்களில் அலுமினியம் சல்பேற்று பரவலாகப் பயன்படுகிறது. எமது வீடுகளில் அறிந்த படிகாரமும் அந்த வகையே. முறையாகக் கையாண்டால் நீரில் மிகச் சொற்பமே மிஞ்சும். இலங்கைத் தரநிர்ணயத்தின்படி ஒரு லீற்றரில் 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நாம் குடிக்கும் அலுமினியத்தில் சிறு பங்கே உடலில் சேர்கிறது. அதையும் நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மறதி நோய்க்குக் குடிநீர் அலுமினியமே காரணம் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

சிறுநீரக நோயாளரின் நிலை வேறு. இரத்தச் சுத்திகரிப்பின்போது ஒவ்வொரு முறையும் நூறு லீற்றருக்கும் அதிகமான நீர், மெல்லிய சவ்வுக்கு அப்பால் இரத்தத்தை அண்டிச் செல்கிறது. 1970களில் அந்த நீரிலிருந்த அலுமினியத்தால் மேலைநாடுகளில் நோயாளர் பலர் மூளை பாதிப்புற்று இறந்தனர். ஆகவே அங்கு அனுமதிக்கப்பட்ட அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. வவுனியா உட்படப் பல பகுதிகளில் சிறுநீரக நோய் பரவியுள்ள நிலையில் இதை நாம் மறக்கக்கூடாது.

அடுத்த ஆபத்து விபத்தும், அதை மூடிமறைக்கும் மௌனமும். 1988 ஜூலை 6ஆம் திகதி, இங்கிலாந்தின் கேமல்போர்ட் பகுதிக்கு நீர் வழங்கும் நிலையத்தில் 20 தொன் அலுமினியம் சல்பேற்றுக் கரைசல் தவறான தொட்டியில் ஊற்றப்பட்டது. சுமார் 20,000 பேருக்கு அந்த நீர் சென்றது. வாய்ப்புண், வயிற்றோட்டம், மூட்டுவலி என மக்கள் முறையிட்டபோதும் நீர் பாதுகாப்பானது என்றே அதிகாரசபை கூறியது. உண்மைக் காரணம் பொதுமக்களுக்கு வெளியாக 16 நாட்கள் சென்றன. நீண்டகாலப் பாதிப்புக்கு வாய்ப்புக் குறைவு என 2013இல் நிபுணர் குழு முடிவு செய்தது. அரசு மன்னிப்புக் கோரியதும் அந்த ஆண்டிலேயே. 25 ஆண்டுகள் கடந்துவிட்டன.

சுன்னாக வழக்கில் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் 2019இல்தான்.

எனவே காத்திருக்கத் தேவையில்லை. குழாய் நீர் புளித்தால், வாய் எரிந்தால் குடிப்பதை நிறுத்துங்கள். கொதிக்க வைப்பதால் அலுமினியம் நீங்காது. ஒரு சுத்தமான போத்தலில் அந்த நீரை எடுத்துத் திகதியிட்டு வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். உங்கள் ஊர் நீரின் பரிசோதனை அறிக்கையை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை.