சென்சார் லைப்ரரியை ஆர்டுயினோ பட்டியலில் சேர்ப்பது எப்படி?

பத்து காவான் தொழிற்பேட்டையில் 2023 ஆகஸ்டு மாதம் போஷ் நிறுவனம் 6.5 கோடி யூரோ செலவில் சோதனை மையம் ஒன்றைத் திறந்தது. செம்பனைத் தோட்டங்களாக இருந்த வட்டாரத்தில் இன்று சில்லுகளும் சென்சார்களும் இறுதிச் சோதனை முடிந்து லாரி ஏறுகின்றன.

சோதனையில் தேறினாலும் சென்சார் தானாகப் பேசிவிடாது. போஷின் பிஎம்இ680 சென்சாரையே எடுத்துக்கொள்வோம். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், வாயு ஆகிய நான்கையும் அது அளக்கும். ஆனால் அது தருவது வெறும் மூல எண்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் உரிய திருத்த எண்களைத் தயாரிக்கும்போதே அதற்குள் பதித்துவிடுவார்கள். அவற்றைப் படித்துக் கணக்கிட்டால்தான் ‘31 டிகிரி’ என்று திரையில் தெரியும். அந்தக் கணக்கை ஒருவர் ஒருமுறை எழுதி வைத்தால் மற்றவர்கள் மீண்டும் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பெயர்தான் லைப்ரரி. இந்த சென்சாருக்கான லைப்ரரியை போஷ் நிறுவனமே திறந்த மூலமாக வெளியிட்டு, ஆர்டுயினோ பட்டியலிலும் சேர்த்திருக்கிறது.

அப்படிச் சேர்க்க நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதில்லை, கட்டணமும் கிடையாது. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்குகிறார்கள், படம் பிடித்துப் போடுகிறோம். அதன்பின் அந்த நிரல் ஏதோ ஒரு பென்டிரைவில் தூங்குகிறது. அடுத்த ஆண்டு வேறொரு பள்ளி அதையே முதலிலிருந்து எழுதுகிறது.

முதலில் நிரலை கிட்ஹப் தளத்தில் பொதுவில் வையுங்கள். உரிமக் கோப்பு கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பிறர் அதைச் சட்டப்படி எடுத்தாள முடியாது. ‘லைப்ரரி டாட் பிராப்பர்ட்டீஸ்’ என்ற கோப்பில் பெயர், பதிப்பு எண், எழுதியவர், பராமரிப்பவர், ஒருவரி விளக்கம் முதலியவற்றை எழுத வேண்டும். பெயரில் அவசரம் வேண்டாம். பட்டியலில் உள்ள வேறு எதன் பெயராகவும் அது இருக்கக்கூடாது. ‘ஆர்டுயினோ’ என்று தொடங்கவும் கூடாது. பின்னால் மாற்ற நினைத்தால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு நிரலையும் சேர்த்துவிடுங்கள். புதிதாக வருபவர் முதலில் திறப்பது அதைத்தான்.

பிறகு 1.0.0 என்று பதிப்புக் குறியிட்டு, ஆர்டுயினோவின் ‘லைப்ரரி ரெஜிஸ்ட்ரி’ பக்கத்தில் உள்ள பட்டியல் கோப்பில் உங்கள் முகவரியை ஒரு வரியாகச் சேர்த்து, ‘புல் ரிக்வெஸ்ட்’ அனுப்புங்கள். இதை உலாவியிலேயே செய்யலாம். தானியங்கி நிரல் ஒன்று சரிபார்க்கும். பிழை இருந்தால் காரணத்தை அங்கேயே எழுதும். திருத்தினால் மறுபடி பார்க்கும். தேறினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உலகில் எவரும் தேடி நிறுவிக்கொள்ளலாம்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பிழையைத் திருத்திப் புதுக் குறியும் இடுவார்கள். கோப்பில் மட்டும் பழைய 1.0.0 அப்படியே இருக்கும். பட்டியல் பார்ப்பது கோப்பில் உள்ள எண்ணைத்தான். அதை 1.0.1 என மாற்றிய பிறகு குறியிட்டால் புதிய பதிப்பு தானாக ஏறிவிடும். மறுபடி விண்ணப்பிக்கத் தேவையில்லை.