மோடம் யாருடையது? கம்பியின் முனையில் ஓர் உரிமையின் வரலாறு

அமெரிக்காவில் அதிவேக இணையத் திட்டத்துக்கு மாறும் ஒருவர், கேபிள் மோடத்தை நிறுவனத்திடம் மாத வாடகைக்குப் பெறலாம். கடையில் தாமே வாங்கியும் பொருத்தலாம். எளிய நுகர்வுத் தெரிவாகத் தோன்றும் இதன் பின்னே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்குகளின் வரலாறு இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே தொலைபேசிக் கருவியே ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் உடைமை, பயனர் வாடகைதாரர் மட்டுமே. நிறுவனம் வழங்காத எதையும் இணைப்பதை அதன் கட்டண விதிகள் தடைசெய்தன. அவ்விதிகளில் அத்தகைய பொருளுக்குப் பெயர் 'அயல் இணைப்பு'. சொந்த வீட்டில், சொந்தக் காசில் வாங்கிய பொருள் 'அயல்' ஆனது. சுவருக்குள் வந்த கம்பியே அளவுகோலானது.

இந்தச் சொல்லாட்சியை முதலில் அசைத்தது ஹஷ்-அ-ஃபோன். பேசுவது அருகிலிருப்போருக்குக் கேட்காதபடி வாய்ப்பகுதியில் மாட்டும் கிண்ணம் அது, மின்தொடர்பு ஏதுமில்லை. 1955இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அதையும் தடுத்தது. 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. அடுத்தது, டெக்சாசைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டரின் கார்ட்டர்ஃபோன். இருவழி வானொலியைத் தொலைபேசியோடு இணைத்த அக்கருவி தொடர்பான வழக்கில், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவிகளைத் தடுப்பது சட்டவிரோதம் என்று 1968இல் ஆணையம் தீர்மானித்தது.

தீர்ப்போடு சிக்கல் முடியவில்லை. அயல் கருவிகளுக்கு இடையே தன் பாதுகாப்பு இணைப்பியை வாடகைக்குப் பெற வேண்டும் என்றது நிறுவனம். 1975இல் ஆணையம் வகுத்த பதிவுமுறையே அந்த இடைத்தடைக்கு மாற்று வழி காட்டியது. 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் தொலைபேசித் தடத்தோடு நேரடியாக இணைய முடிந்தது இந்த வழியால்தான்.

கேபிள் இணையம் பரவத் தொடங்கியபோது பழைய கேள்வி திரும்பியது. தொடக்கக் கால மோடங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபட்டன. ஒருவருடையது மற்றவரின் தலைமுனைக் கருவியோடு பேசாது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 629ஆம் பிரிவு, கேபிள் சேவைகளுக்கான கருவிகள் பிற விற்பனையாளரிடமும் கிடைக்க வழிசெய்யுமாறு ஆணையத்தைப் பணித்தது. 1997இல் டாக்சிஸ் 1.0 என்னும் பொதுத் தரநிலை வெளியானது. சட்டம் அனுமதியைத் தந்தது. தரநிலை அதைச் சாத்தியமாக்கியது. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் உரிமை ஏட்டளவில் நின்றிருக்கும்.

தெரிவின் நுட்பமும் தரநிலையிலேயே உள்ளது. 2006இன் டாக்சிஸ் 3.0 பல அலைவரிசைகளை ஒன்றிணைத்தது. ஓர் அலைவரிசை ஏறத்தாழ 38 மெகாபிட் தந்தால், எட்டு சேர்ந்து 300 மெகாபிட் அளவைத் தொடும். 2013இன் 3.1 அதனினும் மிகுந்த வேகத்துக்கு வழிவகுத்தது. எனவே திட்டத்தை உயர்த்திவிட்டுப் பழைய மோடத்தையே வைத்திருப்பவர், பெறாத வேகத்துக்குப் பணம் செலுத்துகிறார்.

வாடிக்கையாளர் தாமே கொண்டுவந்த கருவிக்குக் கட்டணம் வசூலிப்பதைத் தடைசெய்ய 2019 டிசம்பரில் தனிச் சட்டமே தேவைப்பட்டது. இன்றும் சொந்தமாக வாங்கிய கேபிள் மோடத்தின் உள்மென்பொருளை மாற்றும் அதிகாரம் நிறுவனத்திடமே இருக்கிறது. கருவியின் உடல் வாங்கியவருக்கு, இயக்கம் நிறுவனத்துக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினையில், 'அயல்' என்ற பழைய சொல் மறையவில்லை; கருவியின் வெளியிலிருந்து உள்ளே இடம்பெயர்ந்திருக்கிறது.