ஃபார்ம்வில்லின் இரு பள்ளிகள்

பள்ளிகளை ஒப்பிடப் புகும்போது நாம் முதலில் கட்டடங்களைத்தான் எண்ணுகிறோம். வகுப்பறை எத்தனை, ஆய்வகம் உண்டா, விளையாட்டுத் திடல் உண்டா என்று கேட்கிறோம். இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஃபார்ம்வில் என்னும் சிற்றூரின் வரலாறு நல்ல சான்று.

பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தின் தலைமையிடமான அவ்வூரில், 1951ஆம் ஆண்டில் பொதுப்பணத்தில் இயங்கிய உயர்நிலைப் பள்ளிகள் இரண்டு. வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்கு மோட்டன் உயர்நிலைப் பள்ளி. பிரித்து வைக்கலாம், வசதி மட்டும் சமமாக இருந்தால் போதும் என்ற கோட்பாட்டை 1896இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது.

அந்தச் சமத்துவத்தின் இலட்சணத்தைப் பார்ப்போம். முன்னதில் உடற்பயிற்சிக் கூடமும் உணவுக்கூடமும் இருந்தன. 1939இல் கட்டப்பட்ட பின்னதில் அவை இல்லை; அறிவியல் ஆய்வகமும் இல்லை. ஏறத்தாழ 180 பேருக்காக எழுப்பிய கட்டடத்தில் 450க்கும் மேற்பட்டோர் பயின்றனர். இடநெருக்கடிக்கு மாற்றாகத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள் போடப்பட்டன. மழையில் அவை ஒழுகின. குளிர்காலத்தில் அடுப்பருகே இருந்தவர் வெந்தனர். எட்ட இருந்தவர் நடுங்கினர்.

1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ் தலைமையில் மோட்டன் மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்கள் கேட்டது நல்லதொரு பள்ளிக்கூடம். ஆதரவு நாடிய அவர்களிடம் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் ஒரு நிபந்தனை விதித்தனர்: சம வசதி கேட்டு வழக்காட மாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதானால் வருகிறோம். மாணவர்களும் பெற்றோரும் இசைந்தனர். ஒப்பீட்டின் அடிப்படையே அங்கு மாறிவிட்டது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1953இல், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய மோட்டன் பள்ளி திறக்கப்பட்டது. கேட்ட கட்டடம் கிடைத்துவிட்டது. ஆயினும் வழக்கு கைவிடப்படவில்லை. பிரவுன் வழக்கோடு இணைக்கப்பட்ட அதற்கு 1954 மே 17 அன்று தீர்ப்பு வந்தது: பிரித்து நடத்தும் பொதுக்கல்வி இயல்பிலேயே சமமற்றது.

அதன் பின் நேர்ந்ததே இவ்வரலாற்றின் கொடிய பகுதி. பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க மனமின்றி, 1959இல் வட்டார நிர்வாகம் பொதுப்பள்ளிகளுக்கு வரி விதிக்கவே மறுத்து, அனைத்தையும் மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்கெனத் தனியார் பள்ளி எழுந்தது. அதற்கு அரசின் கல்வி உதவித்தொகையும் வரிச்சலுகையும் துணைநின்றன. கறுப்பினப் பிள்ளைகளுள் சிலர் உறவினர் வீடுகளுக்கும் வெளியூர்களுக்கும் அனுப்பப்பட்டனர். பலர் கல்வியையே இழந்தனர். கட்டணம் செலுத்த இயலாத ஏழை வெள்ளையர் பிள்ளைகள் சிலருக்கும் அதே கதி. 1963இல் தற்காலிக இலவசப் பள்ளிகள் தொடங்கின. 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே பொதுப்பள்ளிகளின் கதவு திறந்தது.

கட்டடக் கணக்கு இங்கே பொருளற்றுப் போவதைக் காண்கிறோம். 1959இல் ஃபார்ம்வில்லில் இரு நல்ல கட்டடங்கள் இருந்தன. பொதுப்பள்ளி ஒன்றுகூட இல்லை. பள்ளி என்பது, எல்லார் பிள்ளையும் நம் பிள்ளை என்று ஓர் ஊர் ஒப்புக்கொண்டு செலுத்தும் வரியில் நிற்பது.

பழைய மோட்டன் பள்ளி 2001இல் அருங்காட்சியகமாயிற்று. கல்வி இழந்தவர்கள் மீண்டும் படிக்க 2004இல் வர்ஜீனியா அரசு ஒரு நிதியுதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. 1959இல் முதல் வகுப்பில் சேரவேண்டியிருந்த குழந்தைகளுக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது.