நலிவு யாருடையது? கியூபெக்கின் கொடுமைத் தடுப்புச் சட்டமும் செயின்ட்-மிஷேலில் ஒரு தாயும்

கியூபெக் சட்டமன்றம் 2017 மே மாதம் நிறைவேற்றிய சட்டத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், முதியோரும் நலிவுச் சூழலில் உள்ள மற்ற வயதுவந்தோரும் கொடுமைக்கு ஆளாவதைத் தடுக்கும் சட்டம் என்று வரும். ‘மற்ற’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முதியவர் என்றாலே நலிந்தவர் என்ற முடிவு தலைப்பிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. வரையறைக்குள் போனால் வேறு கதை. உதவி கேட்கும் அல்லது பெறும் ஆற்றல் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குறைந்தவரே நலிவுச் சூழலில் இருப்பவர். குறைவதற்கான காரணங்களில் தடை முதலில் வருகிறது. பின்னாலேயே நோய், காயம், ஊனம் என்று மருத்துவமனை வாசம் வீசும் சொற்கள். இவை உடல், அறிவு, உளம் சார்ந்தவையாக இருக்கலாம் என்கிறது சட்டம். ‘சூழல்’ என்று பெயர் வைத்துவிட்டு உடம்பையே பார்த்துக்கொண்டிருக்கும் முரண் இது.

நம் சொல்லிலும் இந்தச் சிக்கல் உண்டு. அலுவலகத் தமிழ் ‘பாதிப்புக்குள்ளாகும் தன்மை’ என்று எழுதுகிறது. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ‘தன்மை’யைப் பொறுக்க முடியாது, நிலைமையை அது ஆளின் இயல்பாக்கிவிடுகிறது. பழந்தமிழில் ‘நலி’ என்ற வினை இரு பக்கமும் ஓடும். ஒருவர் நலிவார், நோயோ பகையோ ஒருவரை நலியும். இரண்டாவது வழக்கு இன்று ஏறக்குறைய செத்துவிட்டது. ‘நலிந்த பிரிவினர்’ என்று எழுதும்போது அவர்களை நலிந்தது எது என்ற கேள்வி எழுவதேயில்லை. கியூபெக் வரையறைக்கு நேர்ந்ததும் இதுவே என்பது என் வாதம்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நான் புனைந்தவர். ஆனால் அவரைக் கட்டியிருக்கும் விதிகள் புனைவல்ல. வயது 66, கைம்பெண், இலங்கையின் பருத்தித்துறையிலிருந்து மகனின் ஸ்பொன்சரில் வந்தவர். வீடு இரண்டாம் தளத்தில். வெளியே வளைந்திறங்கும் இரும்புப் படிக்கட்டு, மார்கழியில் பனி உறைந்து கண்ணாடியாகும். தமிழ்க் கடைகள் நிறைந்த பார்க்-எக்ஸ்டென்ஷன் மாநகரின் அதே பிரிவில்தான் இருக்கிறது. மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் பார்க். 65 வயதைக் கடந்த மொன்றியல்வாசிகளுக்கு 2023 ஜூலை முதல் மெட்ரோ இலவசமும்கூட. ஆனால் அதற்குப் படம் போட்ட ஓபஸ் பயண அட்டை வேண்டும். எடுக்க யாராவது கூட்டிப் போக வேண்டும். கடவுச்சீட்டும் வங்கி அட்டையும் மகனுடைய மேசை லாச்சியில் ‘பத்திரமாக’ இருக்கின்றன. இவர் சமைக்கிறார், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார், நினைவும் தெளிவு. எந்த மருத்துவப் படிவமும் இவரிடம் குறை காணாது.

இப்போது விதிகளுக்கு வருவோம். பெற்றோரை அழைக்கும் பிள்ளை கியூபெக்கில் 10 ஆண்டுகளுக்கு அவர்களைப் பராமரிப்பதாக உறுதிமொழி தருகிறார்; கனடாவின் பிற மாகாணங்களில் 20 ஆண்டு. மகன் கைவிட்டால் தாய் அரசின் உதவித்தொகை கேட்கலாம். ஆனால் அந்தப் பணம் பொதுவாக மகனின் கடனாக ஏறும். கூட்டாட்சி அரசின் முதியோர் ஓய்வூதியத்துக்கோ நாட்டில் 10 ஆண்டு வசித்திருக்க வேண்டும். இதற்கு மேல் மொழி: 2022-இன் மொழிச் சட்டப்படி, வந்து ஆறு மாதம் கழிந்த குடிவரவாளருடன் அரசு பிரெஞ்சில்தான் தொடர்பு கொள்ளும். சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு, இயற்கை நீதி போன்றவற்றுக்கு விலக்குகள் உண்டு. ஆனால் விலக்கு இருப்பதைத் தெரிந்துகொள்ளவும் மொழி வேண்டுமே. உறையைக் கிழித்து வாசித்துச் சொல்பவர் மகன். “வீட்டு விசயத்த வெளியில சொன்னா என்ர பிள்ளைக்கெல்லோ கடன் ஏறும்” என்று இந்தத் தாய் சொன்னால், அது வெறும் பாசமோ அறியாமையோ அல்ல. விதியை அவர் சரியாகவே வாசித்திருக்கிறார்.

பெயரை மாற்றினால் போதாது என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே 2000-இன் வழிகாட்டி பேசிய ‘நலிவுற்ற வயதுவந்தோர்’ என்ற தொடரைக் கைவிடச் சட்ட ஆணையம் 2011-இல் பரிந்துரைத்தது. 2014-இன் பராமரிப்புச் சட்டமும் அதைத் தவிர்த்து, ஆபத்தில் இருப்பதைப் பற்றிப் பேசியது. ஆனால் அதன் 42-ஆம் பிரிவில் நுழையப் பராமரிப்புத் தேவை இருக்க வேண்டும். அந்தத் தேவையால்தான் தற்காத்துக்கொள்ள இயலாமல் போயிருக்க வேண்டும். மீண்டும் உடம்பு. இந்த இடைவெளியை அதற்கு முன்பே அடைத்தவர்கள் நீதிபதிகள். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், முடிவெடுக்கும் ஆற்றல் குன்றாத முதிய பெற்றோர் மகனின் அச்சுறுத்தலில் வாழ்ந்தனர். ஆற்றல் குன்றியோருக்கான மனத்திறன் சட்டத்துக்கு வெளியிலும் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் உயிரோடிருக்கிறது என்று தீர்ப்பானது. இந்தியாவின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இன்னொரு கோடி. பராமரிப்பை நிபந்தனையாக்கி எழுதிக்கொடுத்த சொத்தை 23-ஆம் பிரிவின்கீழ் முதியவர் மீட்கலாம். சொத்தை ஊரில் விற்று மகனின் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அது எட்டாத ஊர்ச் சட்டம்.

கியூபெக்கிடம் இதைவிட நல்ல கருவி பழையதாகவே இருக்கிறது. 1975-இன் மனித உரிமைச் சாசனத்தின் 48-ஆம் பிரிவு முதியவருக்கும் ஊனமுற்றவருக்கும் சுரண்டலிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. மனித உரிமைத் தீர்ப்பாயம் 1994-இல் சுரண்டலை மூன்று கூறுகளாகப் பிரித்தது: ஒருவர் ஆதாயம் அடைகிறார்; அவர் வலுவான இடத்தில் இருக்கிறார்; அதனால் நலிந்தவரின் நலன் கெடுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் வல்லே வழக்கில் இந்த வாசிப்பையே ஏற்றது. இங்கே நலிவு இருவருக்கிடையே அளக்கப்படுகிறது, ஒருவருக்குள் அல்ல. 2017 சட்டத்தின் ‘தடை’யையும் இந்த ஒளியில் வாசித்தால் உறுதிமொழியும் மொழியும் உள்ளே வரும், ‘இருக்கலாம்’ என்ற சொல் அதற்கு இடம் தருகிறது.

சட்ட அறிஞர் மார்தா ஃபைன்மன் 2008 முதல் சொல்லிவருவதுபோல மனிதர் எல்லோருமே நலியக்கூடியவர்கள் என்று விரித்துவிடலாமே என்று கேட்கலாம். தத்துவமாக மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரையும் சேர்த்த வரையறை செயின்ட்-மிஷேல் வீட்டின் கதவைத் தட்டாது. எதிர்த்திசையில் இன்னொரு பயமும் நியாயமானது: வரையறை விரிந்தால் தலையீடும் விரியும், தெளிந்த அறிவுள்ள தாயை அதிகாரி குழந்தையாக்குவார். கொடுமையைக் கட்டாயம் முறையிட வேண்டும் என்று 2022-இல் கியூபெக்கில் விரிவாக்கப்பட்ட விதியை இவர்மீது ஏற்ற நான் சொல்லவில்லை. நலிவை உறவிலும் விதியிலும் தேடினால் திருத்தமும் அங்கேதான் நடக்கும். முறையிடும் தாயின் உதவித்தொகை மகனின் கடனாக ஏறாமலிருப்பதும், அறைக்குள் மகனல்லாத மொழிபெயர்ப்பாளர் இருப்பதும் அவரது சுயாதீனத்தில் கை வைப்பவை அல்ல.

வரையறை உடம்பைத்தான் அளக்க வேண்டும் என்பவர்கள் ஒன்றை விளக்க வேண்டும். காலத்தை முன்னே நகர்த்துவோம்: இந்தத் தாய்க்கு 76 வயதாகிறது. முழங்கால் போய்விட்டது, கண்ணில் புரை, இரும்புப் படியில் தனியாக இறங்குவதில்லை. ஆனால் பத்தாண்டு முடிந்து, மகனின் உறுதிமொழி காலாவதியாகி, தன் பெயரில் ஓய்வூதியம் வரத் தொடங்கியிருக்கிறது. வங்கி அட்டையை லாச்சியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி இந்த மாதம்தான் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார்.