ஸ்கேர்ஜ்: வாரும் வாதையும்

ஸ்கேர்ஜ் ஓர் ஆங்கிலச் சொல். பெயராகவும் வினையாகவும் வரும். முதற்பொருள் தோல்வாராலான சாட்டை, அதனால் அடித்தல். வழிப்பொருள் ஊரை வாட்டும் பெருந்துன்பம்: கொள்ளைநோய், பஞ்சம், போர், கொடுங்கோலன். கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கும் தமிழருக்கு இந்தச் சொல் டெங்கு, போதைப்பொருள் பற்றிய செய்திகளில் கண்ணிற்படும். கொட்டாஞ்சேனையில் செபமாலை சொல்பவருக்கு முதற்பொருளே நெருக்கம். துக்க மறைபொருள்களில் இரண்டாவது, இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது. ஆங்கிலம் இரண்டையும் ஒரு சொல்லால் சொல்கிறது. தமிழ் அப்படிச் செய்யவில்லை. அந்த வேறுபாடே இச்சொல்லின் வரலாற்றில் நமக்கு முக்கியமானது.

வேர், இலத்தீனின் ‘கொறிஜியா’. தோல்வார், செருப்பு வார் என்பது பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகன் அவிழ்க்கத் தகுதியில்லை என்று சொல்லும் செருப்பு வாருக்கு இலத்தீன் விவிலியம் இதே கொறிஜியாவைத்தான் இட்டிருக்கிறது. தமிழ் வேதாகமமோ அந்தச் செருப்பு வாரையும் பிலாத்து அடிப்பித்த வாரையும் ‘வார்’ என்ற ஒரே சொல்லால் சொல்கிறது. இலத்தீன் வேரைத் தேடிப் போகாமலே அதன் மூலப்பொருளைத் தமிழ் தொட்டுவிட்டது. துன்பம் என்ற வழிப்பொருளுக்கு ஐரோப்பாவில் பெரிய எடுத்துக்காட்டு, ஹூணர் தலைவன் அத்திலா. கிறிஸ்தவ மரபு அவனைக் ‘கடவுளின் சாட்டை’ என்றது. அடிப்பவன் மனிதன், அடிக்க வைப்பவர் கடவுள், அடிபடுபவன் குற்றவாளி என்ற கணக்கு இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

கிரேக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் பழையது. ‘மாஸ்திக்ஸ்’ என்றால் சாட்டை. நோய்க்கும் அதே சொல். பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வாடிய பெண்ணின் கதையில் மாற்கு எழுதியது மாஸ்திக்ஸ். ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியம் அதைக் கொள்ளைநோய்க்குரிய சொல்லால் பெயர்த்தது. 1871இல் வெளிவந்த, பவர் என்பவரின் திருப்புதல் வழிவந்த தமிழ் வேதாகமத்தில் அது ‘வேதனை’. எகிப்துக்கு நேர்ந்தவை ‘வாதை’. ஆலயத்திலிருந்து வியாபாரிகளைத் துரத்தக் கயிற்றால் முறுக்கியது ‘சவுக்கு’. இது பாரசீக ‘சாபுக்’ வழி வந்த சொல். அடிக்கும் கருவிக்கு ஒரு கூட்டம் சொற்கள், நோவுக்கு வேறொரு கூட்டம்.

மாஸ்திக்ஸ் தமிழுக்குள்ளும் வந்திருக்கலாம். முல்லைப்பாட்டில் யவனர் உடையோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘மத்திகை’ குதிரைச் சம்மட்டி. அதைக் கிரேக்கச் சொல்லோடு இணைப்பவர்களுள் மொழியறிஞர் கமில் சுவெலபிலும் ஒருவர். அப்படியானால் தமிழ் ஏற்றது சாட்டையை மட்டுமே. நோய் என்ற பொருள் கூடவரவில்லை. தமிழில் கோல் வேறு வழியில் வளர்ந்தது. ‘தண்டம்’ கோலாக இருந்து தண்டனையாகி, அபராதத் தொகையாகவும் ஆனது.

இலங்கையில் ஸ்கேர்ஜின் இரு பொருள்களும், கசையடியும் கொள்ளைநோயும், நடைமுறையாகவே இருந்தன. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கசையடியைத் தண்டனைகளுள் ஒன்றாக வைத்தது. 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம்தான் உடல்சார் தண்டனையை நீக்கியது. அதே ஆண்டு கல்வி அமைச்சின் 2005/17ஆம் சுற்றுநிருபம் பாடசாலையில் பிரம்படியைத் தடுத்தது. ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லி வளர்த்த சமூகத்துக்கு இது சிறிய மாற்றமல்ல.

நோயின் பக்கம், 1914இல் கொழும்பில் பிளேக் தோன்றியது. புறக்கோட்டையின் தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் எலிக்கு வசதியாயின. நகர நுண்ணுயிரியலாளர் எல். எஃப். ஹேர்ஸ்ட் எலித் தெள்ளுகளை இனம் பிரித்து ஆராய்ந்து, எல்லாத் தெள்ளும் ஒரேயளவு நோயைக் கடத்துவதில்லை என்று காட்டினார். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாக வற்றின, அங்கே நுளம்பு பெருகியது. 1935 வரை நீடித்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தனர். வறுமையில் நலிந்திருந்த கிராமங்களே அதிகம் இழந்தன. அந்த மக்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. அவர்களுக்கு நேர்ந்ததைச் சாட்டை என்று அழைப்பது அநீதி. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது; அதற்கு வழி செய்தது பல்லாண்டு இரத்தப் பரிசோதனையும் நுளம்புக் கட்டுப்பாடும்.

இன்றைய மொழிபெயர்ப்பில் ஸ்கேர்ஜுக்குப் பெரும்பாலும் ‘சாபக்கேடு’ என்று இடுகிறார்கள். வறுமைக்கும் நோய்க்கும் அது பொருந்தாது. சாபமென்றால் சபித்தவரும் சாபத்துக்கு ஆளாகும் பிழையும் வேண்டும். ‘கொள்ளைநோய்’, ‘பெருந்துன்பம்’ என்று இடத்துக்கேற்ப எழுதலாம். கசை என்ற உருவம் இப்போது உயிரியல் பாடத்தில் வாழ்கிறது. நுண்ணுயிர் நீந்த உதவும் இழையைத் தமிழ்நாட்டில் கசையிழை என்பர், இலங்கைப் பாடநூல்களில் சவுக்குமுளை.

சாட்டையோ சாபமோ தொடாத சொல் பேச்சுவழக்கிலேயே உண்டு. ஈழத்தமிழ்ப் பேச்சில் நோய்க்குப் பெயர் ‘வருத்தம்’. வெள்ளவத்தையில் ஒருவர் “அம்மாவுக்கு வருத்தம்” என்றால் அம்மா கவலைப்படுகிறார் என்று யாரும் எண்ணுவதில்லை. மருந்து எடுத்தாச்சா என்றுதான் கேட்பார்கள். அம்மை நோய்கூட ‘அம்மாள் வருத்தம்’. வாசலில் வேப்பிலை செருகி, வந்திருப்பவள் தாய் என்று வீட்டைக் குளிர்மையாக வைத்திருப்பார்கள்.